முக்கால்வாசி பேர நம்பலாமா? ஒரு ஊரோட நம்பிக்கையையும் நேர்மையையும் அளக்கறது எப்படி

எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த ஃபார்வர்ட் வந்துரும், உலகத்துலயே நேர்மையான ஊருங்க லிஸ்ட்டு, ஹெல்சின்கி முதல், நம்ம மும்பை ரெண்டாவது, உடனே செம்பூர் சித்தப்பா மூணு கொடிய போட்டுட்டு "பாத்தியாடா நம்ம ஊர"ன்னு ஆரம்பிச்சுருவாரு. விஷயம் பொய் இல்ல. 2013-ல ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை 16 ஊர்ல ஊருக்கு 12 பர்ஸ்னு 192 பர்ஸ வேணும்னே தொலைச்சுப் பாத்தாங்க, ஹெல்சின்கில 11 திரும்பி வந்துச்சு, மும்பைல 9, லிஸ்பன்ல ஒண்ணே ஒண்ணு, அதையும் கொண்டு வந்து குடுத்தது ஊர்க்காரங்க இல்ல, நெதர்லாந்துலேந்து சுத்திப் பாக்க வந்த ஒரு ஜோடி. சித்தப்பாக்கு தெரியாத சங்கதி என்னன்னா, அதே பத்திரிகை 2006-ல 35 ஊர்ல ஒரு மரியாதை டெஸ்ட் வச்சுது, பின்னாடி வர்றவங்களுக்கு கதவ பிடிச்சுக்கறாங்களா, கீழ விழுந்த பேப்பர எடுத்துக் குடுக்கறாங்களா, கடையில தேங்க்ஸ் சொல்றாங்களான்னு. அதுல நியூயார்க் முதல். மும்பை கடைசி.

ஏழு வருஷத்துல ஊரே மாறிடுச்சான்னா அதெல்லாம் இல்ல, அளவுகோல் தான் வேற. தாராவி 90 அடி ரோட்டுல எந்தக் கடைக்கு கதவு இருக்கு சொல்லுங்க, ஷட்டர் தான், காலைல தூக்குனா ராத்திரி தான் எறங்கும், பெரிய பில்டிங்னா கதவ பிடிக்க வாட்ச்மேன் நிப்பாரு, இதுல யாரு யாருக்கு கதவ பிடிக்கறது. அண்ணாச்சி தேங்க்ஸ் சொல்ல மாட்டாரு, மாசக் கடைசில கணக்கு நோட்டுல எழுதிக்கிட்டு அரிசி குடுப்பாரு, அதுக்கு அந்த டெஸ்ட்டுல மார்க் கிடையாது.

நான் ஏழெட்டு வருஷம் இந்த ஊர்ல சர்வே வேலைக்கு வீடு வீடா ஃபாரம் தூக்கிட்டு அலஞ்சவன். இப்ப காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்குன்னு வந்து "அண்ணா, தாராவி தமிழ் ஆளுங்களுக்கும் மாட்டுங்கா தமிழ் ஆளுங்களுக்கும் நடுவுல நம்பிக்கை எவ்வளவு வித்தியாசம்னு பாக்கணும், எப்படி பண்றது"ன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே தடவையா எழுதிடறேன்.

மொதல்ல எத அளக்கப் போறோம்னு முடிவு பண்ணுங்க, முக்கால்வாசி ப்ராஜெக்ட்டு இங்கயே கவுந்துருது. நம்பறது வேற, நம்பத் தகுந்த ஆளா இருக்கறது வேற. நான் உங்கள நம்பறேன்ங்கறது என் மனசப் பத்தின விஷயம், நீங்க ஏமாத்தாம இருக்கறது உங்க நடத்தையப் பத்தின விஷயம். எல்லாரும் நேர்மையா இருக்கற ஊர்ல கூட போன மாசம் டிவில ஒரு மோசடி செய்தி ஓடுச்சுன்னா ஜனம் யாரையும் நம்பாது. அப்புறம் நேர்மைங்கறதே ஒண்ணு இல்ல, நம்ம பாட்டிங்க இத அழகா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒருத்தன் கை சுத்தம்பாங்க, இன்னொருத்தன் வாக்கு சுத்தம்பாங்க, கடன் வாங்குனா கரெக்டா திருப்பறவன நாணயமானவன்பாங்க. கை சுத்தமா இருக்கறவன் வாக்கு சுத்தமா இருக்கணும்னு சட்டம் இல்ல, என் மாமா ஒருத்தர் பத்து பைசா எடுக்க மாட்டாரு, ஆனா "இதோ வந்துட்டேன், சயான் சிக்னல்ல இருக்கேன்"ன்னு வீட்டுலேந்தே சொல்லுவாரு. பர்ஸ் டெஸ்ட் பாக்கறது கை சுத்தத்த. பின்னாடி சொல்லப் போற டைஸ் டெஸ்ட் பாக்கறது வாக்கு சுத்தத்த. கடை நோட்டு சொல்றது நாணயத்த. மூணையும் ஒரே மார்க்கா கூட்டி ரேங்க் போட்டீங்கன்னா சித்தப்பா கொடி போடறதுக்கு தான் ஆகும்.

சரி, நம்பிக்கைக்கு வருவோம். உலகம் பூரா ஓடற கேள்வி ஒண்ணு இருக்கு, வேர்ல்ட் வேல்யூஸ் சர்வேன்னு 1981-லேந்து நடக்கற பெரிய சர்வேல கேக்கறாங்க: பொதுவா சொன்னா முக்கால்வாசி பேர நம்பலாம்னு நினைக்கறீங்களா, இல்ல ஆளுங்களோட பழகறப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு நினைக்கறீங்களா? நார்வே, டென்மார்க்ல 60 சதவீதத்துக்கு மேல நம்பலாம்பாங்க, கொலம்பியால பத்து கூட தேறாது. இத தமிழ்ல எடுத்துக்கிட்டு ஃபீல்டுக்கு போனீங்கன்னா மொத வீட்டுலயே மாட்டுவீங்க, மாட்டுங்காவுல ஒரு மாமிகிட்ட நான் இதையே கேட்டேன், "ரெண்டும் தான்டாப்பா, நம்பணும், ஜாக்கிரதையாவும் இருக்கணும், இதுல என்ன இல்ல-ன்னு ஒண்ணு"ன்னாங்க. அவங்க சொன்னது ரொம்ப சரி, அந்த ரெண்டு பதிலும் ஒண்ணுக்கொண்ணு எதிர் இல்லன்னு இத ஆராயறவங்களே பல வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. அதனால ரெண்டுல ஒண்ண தேர்ந்தெடுக்க சொல்றத விட 0-லேந்து 10 வரைக்கும் ஒரு அட்டையில ஏணி மாதிரி வரைஞ்சு காட்டி எந்தப் படின்னு தொடச் சொல்லுங்க, ஐரோப்பால நடக்கற சோஷியல் சர்வேலயும் இதே கேள்விக்கு 0-10 தான். படிக்கத் தெரியாதவங்களும் தொட்டுருவாங்க.

அடுத்த சிக்கல் இன்னும் பெருசு, "முக்கால்வாசி பேர்"ன்னா யாரு? தாராவில ஒரு அண்ணாச்சிகிட்ட கேட்டப்ப என்னைய திருப்பி கேட்டாரு, "எந்த ஜனத்த கேக்கீங்க தம்பி, நம்ம லைன்ல உள்ளவங்களயா, ரோட்டுல போற வாரவங்களயா?" அந்த ஒரு கேள்விக்குள்ள ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்குன்னு அன்னைக்கு எனக்கு தெரியாது. டெல்ஹே, நியூட்டன், வெல்சல்னு மூணு பேர் 2011-ல இதத் தான் பாத்தாங்க, மக்கள் "முக்கால்வாசி பேர்"ன்னு சொல்றப்ப மனசுல எவ்வளவு பெரிய வட்டம் போடறாங்கன்னு. சீனா மாதிரி நாடுகள்ல அந்த வட்டம் சின்னது, தெரிஞ்சவங்கள நினைச்சுக்கிட்டு தான் நம்பலாம்ங்கறாங்க, பணக்கார மேற்கு நாடுகள்ல முன்ன பின்ன தெரியாதவங்களும் வட்டத்துக்குள்ள வந்துடறாங்க. அதனால ரெண்டு ஊர் ஒரே சதவீதம் காட்டுனாலும் ஒரே நம்பிக்கைன்னு ஆகாது.

இதுக்கு வைத்தியம், ஒரே கேள்விய ஆறா பிரிச்சு கேக்கணும், அந்த சர்வேலயே ஆறு வட்டம் இருக்கு: குடும்பம், அக்கம்பக்கம், நேர்ல பழகுனவங்க, மொத தடவ பாக்கறவங்க, வேற மதத்துக்காரங்க, வேற நாட்டுக்காரங்க. மும்பைன்னா நான் ஏழாவதா வேற மொழிக்காரங்கன்னு ஒண்ணு சேப்பேன், ஒரே சால்ல, அதான் வரிசையா ஒத்த ரூம் வீடுங்க இருக்கற கட்டடத்துல, திருநெல்வேலி, ரத்னகிரி, அசம்கர்னு மூணு ஊர் ஆளுங்க ஒரே தண்ணிக் குழாய்ல வரிசைல நிக்கறாங்க, அங்க வேற நாடுங்கறத விட வேற மொழிங்கறது தான் தினப்படி விஷயம். அப்புறம் உள் வட்ட மார்க்குலேந்து வெளி வட்ட மார்க்க கழிச்சுப் பாருங்க, அந்த இடைவெளி தான் உண்மையிலயே ஒப்பிட்டுப் பாக்கத் தகுந்த நம்பர்.

மொழிபெயர்ப்பு பத்தி ஒரு வார்த்தை. நம்பிக்கைன்னு தமிழ்ல சொன்னா கடவுள் நம்பிக்கையும் அது தான், பையன் பாஸாவான்ங்கற நம்பிக்கையும் அது தான், "எனக்கு நம்பிக்கை நெறைய இருக்குப்பா"ன்னு ஒரு தாத்தா சொல்லி நான் 9 போட்டுட்டு வந்தேன், அப்புறம் தான் புரிஞ்சுது அவரு முருகன சொல்லிருக்காரு. அதனால அந்த வார்த்தையையே விட்டுட்டு செயலா கேளுங்க, வீட்டு சாவிய குடுத்துட்டு ஊருக்கு போவீங்களா, 500 ரூபா கைமாத்தா குடுப்பீங்களா, சீட்டுல சேத்துப்பீங்களா. கேள்விய ஒருத்தர் தமிழ்ல மாத்தட்டும், மூலத்த பாக்காத இன்னொருத்தர் தமிழ்லேந்து திருப்பி மாத்தட்டும், ரெண்டும் பொருந்துதான்னு பாருங்க. மராத்தி, ஹிந்தி ஃபாரத்துக்கும் இதே தான்.

ஃபீல்டுல தனிமை கெடைக்காது, இத ஏத்துக்கங்க. பத்துக்கு பத்து ரூம்ல நீங்க மருமகளுக்கு கேள்வி கேட்டா பதில் மாமியார் சொல்லுவாங்க, பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல நிக்கறப்ப "அக்கம்பக்கத்த நம்பறீங்களா"ன்னு கேட்டா யாரு இல்லம்பாங்க. அட்டையக் குடுத்து வாயால சொல்லாம விரலால தொடச் சொல்லுங்க, இல்லன்னா சீட்டுல டிக் பண்ணி மடிச்சு டப்பாவுல போடச் சொல்லுங்க.

இதுல ஒரு கேவலமான உண்மையையும் சொல்லணும், நேர்மை சர்வேலயே மொத திருட்டு ஃபாரம் நிரப்பறதுல தான் நடக்கும். நான் வேலை பாத்த ஒரு கம்பெனில ஒரு மழைக் காலத்துல எங்க டீம்ல ரெண்டு பேர் குர்லா பக்கம் ஒரு டீக்கடைல உக்காந்துக்கிட்டு கட்டிங் சாய் குடிச்சுக்கிட்டே ஒரு கட்டு ஃபாரத்த அவங்களே நிரப்பிட்டாங்க, மாட்டுனது எப்படின்னா எல்லாரும் ரொம்ப ஒழுங்கா பதில் சொல்லிருந்தாங்க, ஒருத்தர் கூட "தெரியல"ன்னு சொல்லல, ஒருத்தர் கூட பாதில எந்திரிச்சு போகல. நிஜ ஜனம் அப்படி இருக்காது. அதனால பத்துல ஒரு வீட்டுக்காவது வேற ஆள் போன் பண்ணி, நேத்து ஒருத்தர் வந்தாரா, எவ்வளவு நேரம் பேசுனாருன்னு கேக்கணும். கேள்வி கேக்கப் போறவங்களுக்கு ஃபாரம் எண்ணிக்கைக்கு காசு குடுக்காம நாள் கூலி குடுங்க, பாதி பிரச்சன தீந்துரும்.

இப்ப நேர்மை. நேரா கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, அதுக்கு நாணயம் சுண்டற தந்திரம் ஒண்ணு இருக்கு, 1965-ல ஸ்டான்லி வார்னர் போட்ட ஐடியாவோட எளிய வடிவம். உதாரணத்துக்கு, போன மாசம் லோக்கல் ட்ரெயின்ல டிக்கெட் இல்லாம போனீங்களான்னு கேக்கணும். ஆள்கிட்ட ஒரு நாணயத்த குடுத்து நமக்கு தெரியாம சுண்டச் சொல்லணும், தலை விழுந்தா என்ன ஆனாலும் "ஆமா" சொல்லணும், பூ விழுந்தா மட்டும் உண்மைய சொல்லணும். ஒருத்தர் ஆமான்னா அது நாணயம் சொன்ன ஆமாவா இவரு சொன்ன ஆமாவான்னு நமக்கும் தெரியாது, டிக்கெட் செக்கருக்கும் தெரியாது. 200 பேர்ல 130 பேர் ஆமான்னாங்கன்னு வைங்க, அதுல சுமார் 100 நாணயத்தோட ஆமா, மிச்சம் 30 ஆமா உண்மைய சொல்ல வேண்டிய 100 பேர்கிட்டேந்து வந்தது, ஆக கணக்கு 30 சதவீதம். செலவு ஒரு ரூபா, அதுவும் திரும்பி வந்துரும்.

டைஸ் டெஸ்ட் தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஒரு டம்ளருக்குள்ள டைஸ போட்டு அவங்களே ரகசியமா உருட்டி மொத தடவ என்ன விழுந்துச்சுன்னு மட்டும் சொல்லணும், 1 விழுந்தா 10 ரூபா, 2-ன்னா 20, 5 வரைக்கும் அப்படியே, 6 விழுந்தா ஒண்ணும் கெடையாது. யார் பொய் சொன்னாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது, கூட்டமா சேந்து எவ்வளவு பொய்ன்னு மட்டும் தெரியும். எல்லாரும் உண்மைய சொன்னா சராசரி 25 ரூபா வரணும், எல்லாரும் கூசாம புளுகுனா 50. நடுவுல ஒரு சுவாரஸ்யமான புள்ளி இருக்கு, ரெண்டு தடவ உருட்டிட்டு நல்லத மொத தடவன்னு சொல்ற ஆளுங்க, "விழுந்தது தானே, நானா கற்பனை பண்ணேன்"ன்னு மனசுக்கு சமாதானம் சொல்லிக்கற கேஸு, அப்படி எல்லாரும் பண்ணா சராசரி 34 ரூபா 70 பைசா பக்கம் வரும். கெஹ்டர், ஷூல்ஸ்னு ரெண்டு பேர் 23 நாட்டுல 2,568 இளசுங்கள வச்சு இத பண்ணி 2016-ல நேச்சர்ல போட்டாங்க, ஊழலும் வரி ஏய்ப்பும் அதிகமா இருக்கற நாட்டுலேந்து வந்தவங்க கூடுதலா ஏத்திச் சொன்னாங்க, ஆனா அங்கயும் முழுப் புளுகு இல்ல, அந்த ரெண்டு-தடவ-உருட்டு பக்கம் தான் போச்சு. மனுஷன் எந்த நாட்டுலயும் கண்ணாடியப் பாக்க முடியற அளவுக்கு தான் பொய் சொல்றான்னு நான் எடுத்துக்கிட்டேன்.

ஒரு தடவ உருட்டுனா தனி ஆளப் பத்தி எதுவும் சொல்ல முடியாது, தனி ஆள் வேணும்னா நெறைய தடவ உருட்ட விடணும். பெங்களூருல ரெமா ஹன்னாவும் ஷிங்-யி வாங்கும் காலேஜ் பசங்கள 42 தடவ உருட்ட வச்சாங்க, நேர்மையா இருந்தா மொத்தம் 147 பக்கம் வரணும், அதுக்கு ரொம்ப மேல போனா சந்தேகம். அதுல வந்த முடிவ படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துருந்தேன், அதிகமா ஏத்திச் சொன்ன பசங்க தான் கவர்மென்ட் வேலைக்கு போகணும்னு அதிகமா ஆசைப்பட்டாங்களாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, காசு நிஜமா கைல குடுக்கணும், அங்கயே, உடனே. "அப்புறம் ஜிபே பண்றேன்"ன்னீங்கன்னா அவன் டைஸ விட்டுட்டு உங்க நேர்மைய தான் எடை போடுவான், பேர் நம்பர் குடுத்துட்டா ரகசியமும் போச்சு.

பர்ஸுக்கு வருவோம். 12 பர்ஸ்ங்கறது விளையாட்டு, பெருசா பண்ணது கோன், மரேஷால், டானன்பாம், சூண்ட்னு நாலு பேர், 2019-ல சயின்ஸ்ல வந்துச்சு, 40 நாடு, 355 ஊர், 17,303 பர்ஸ், நம்ம நாடும் அதுல உண்டு. ரோட்டுல போடல, பேங்க், ஹோட்டல், போஸ்ட் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், தியேட்டர்னு கவுன்டர்ல இருக்கறவங்ககிட்ட "இது வெளில கெடந்துச்சு, பாத்துக்கங்க"ன்னு குடுத்துட்டு போயிட்டாங்க. கண்ணாடி மாதிரி தெரியற கவர், உள்ள விசிட்டிங் கார்டு, மளிகை லிஸ்ட்டு, ஒரு சாவி, சிலதுல காசு. காசு இல்லாத பர்ஸுக்கு 40 சதவீதம் பேர் தகவல் சொன்னாங்க, காசு இருந்தா 51, ஆமா அதிகம் தான், பொருளாதார நிபுணர்கள கேட்டப்ப அவங்களும் இத எதிர்பாக்கல. எடுத்துக்கிட்டா நாம திருடன்ங்கற உறுத்தல் காசு ஏற ஏற கூடுதுன்னு அவங்க விளக்கம்.

ஆனா தகவல் சொன்னாங்கன்னு எப்படி எண்ணுனாங்க? கார்டுல இருக்கற ஈமெயிலுக்கு மெயில் வந்தா தான் கணக்கு. சீனா இந்த லிஸ்ட்டோட அடியில விழுந்துச்சு, அதே சீனால தான் அந்த சர்வே கேள்விக்கு 60 சதவீதத்துக்கு மேல நம்பலாம்ங்கறாங்க. 2023-ல சீனாவுல இதையே திரும்ப பண்ணிப் பாத்தாங்க, மெயில் கம்மி தான், ஆனா நேர்ல போய் பர்ஸ கேட்டா முக்கால்வாசிக்கு மேல அப்படியே எடுத்து வச்சிருந்தாங்க, தொலைச்சவன் வருவான், வந்தா குடுப்போம்னு. யோசிச்சா நம்ம ஊர்லயும் அப்படித் தானே, சயான்ல எங்க பில்டிங் வாட்ச்மேன் கீழ கெடந்த குடைய ஆறு மாசமா ஸ்டூல் அடியில பத்திரமா வச்சிருந்தாரு, அவரு யாருக்கு மெயில் அனுப்புவாரு. நீங்க பண்றதா இருந்தா போன் நம்பர் போட்ட கார்டு வைங்க, ரெண்டு வாரம் கழிச்சு நேர்லயும் போய் கேளுங்க, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. நிஜ ஆதார் கார்டு, நிஜ ஆள் பேரு எதுவும் வேண்டாம். ஸ்டேஷன்ல ஆள் இல்லாத பைய விட்டுட்டு வர்றதும் வேண்டாம், இந்த ஊர்ல அது வேற மாதிரி முடியும்.

நம்பிக்கை விளையாட்டுன்னு ஒண்ணு இருக்கு, 1995-ல பெர்க், டிக்காட், மெக்கேப் ஆரம்பிச்சது, எனக்கு 100 ரூபா, அதுல எவ்வளவு வேணா முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பலாம், நடுவுல மூணு மடங்காகும், அவரு விரும்புனா திருப்பலாம். அனுப்பறது நம்பிக்கை, திருப்பறது நாணயம். கிளேசரும் கூட்டாளிகளும் ஹார்வர்ட் பசங்கள வச்சு பண்ணி 2000-ல ஒரு குட்டு உடைச்சாங்க, சர்வேல "ஜனங்கள நம்பலாம்"ன்னு சொன்னவங்க காச அதிகமா அனுப்பல, ஆனா அதிகமா திருப்பிக் குடுத்தாங்க. அதாவது அந்த கேள்வி நம்பிக்கைய விட ஆளோட நாணயத்த தான் அதிகமா அளக்குது போல. செலவு அதிகம், சால்ல பண்ணா யாரு எவ்வளவு குடுத்தான்னு சாயங்காலத்துக்குள்ள சண்டை வரும், காலேஜ்ல பண்ணுங்க.

ஊழல் பட்டியல் ஒண்ண தூக்கிட்டு வந்து இது தான் அந்த நாட்டு மக்களோட நேர்மைன்னு போட்டுடாதீங்க. ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995-லேந்து போடறது நிபுணர்களும் வியாபாரிகளும் அரசாங்கத்த பத்தி என்ன நினைக்கறாங்கங்கறது, உங்க பக்கத்து வீட்டு அக்காவப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. அதே மாதிரி டிக்கெட் இல்லாம போறத ரெண்டு ஊருக்கு ஒப்பிடறீங்கன்னா, நம்ம லோக்கல் ஸ்டேஷன்ல டிக்கெட் காட்டுனா தொறக்கற கேட்டே கெடையாது, மெட்ரோவுல இருக்கு, கேட் இருக்கற ஊர்ல ஜனம் நேர்மையா இல்ல கதவு நேர்மையான்னு யோசிச்சுக்கங்க.

கடைசியா எண்ணிக்கை. 12-ல 9 வந்தா 75 சதவீதம், ஆனா வெறும் 12 பர்ஸ வச்சு கணக்கு போட்டா நிஜம் 43-லேந்து 95 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், மும்பைக்கும் ஹெல்சின்கிக்கும் நடுவுல இருக்கறது ரெண்டே ரெண்டு பர்ஸ். 100 பேர்னா பத்து பாயின்ட் முன்ன பின்ன, 400 பேர்னா அஞ்சு. நாணயம் சுண்டற தந்திரம் பண்ணா இது இன்னும் ரெண்டு மடங்கு விரியும், பாதி பதில் நாணயம் சொன்னது தானே, அதுக்கேத்த மாதிரி ஆள் சேத்துக்கங்க.

அப்புறம் டைஸ். கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் டஜன் கணக்குல மலிவா கெடைக்கும், வாங்கிட்டு அப்படியே ஃபீல்டுக்கு ஓடாதீங்க, குழி தோண்டுன பக்கம் லேசா இருக்கும், ஓரம் சரியா வெட்டிருக்க மாட்டாங்க. வீட்டுல டிவி பாத்துக்கிட்டே ஒவ்வொண்ணையும் 600 தடவ உருட்டி எழுதுங்க, ஒவ்வொரு நம்பரும் 100 பக்கம் வரணும், 80, 120 எல்லாம் பரவால்ல, ஒரு நம்பர் மட்டும் 140 வந்துச்சுன்னா அத தம்பி தங்கச்சிக்கு தாயம் ஆட குடுத்துட்டு அடுத்தத எடுங்க.